பிளேடில் ஒரு பென்சில் கோடு

அத்தியாயம் 5

ஹெப்பகோடி பேக்கரியில் மதியம் இரண்டு மணிக்கு லவினா வாங்கிய தேங்காய் பன் இரண்டே காலுக்கும் அப்படியே இருந்தது. ஒரு ஈ மட்டும் அதை மரியாதையாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. லவினாவின் கண் முழுக்க கைபேசித் திரையில். திரையில் கர்நாடக வரைபடம், அதன்மேல் கலபுரகிப் பக்கமாக ஊர்ந்துபோகும் மஞ்சள் நிறக் குட்டி விமானம். அது தரையிறங்குகிறவரை அவளுக்குத் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது. ஒன்பது நாளாக இதே கதைதான்.

"இறங்கிடுச்சா சிஸ்டர்?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த பச்சைமுத்து.

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

"அதுக்குள்ள அந்த பன்னை நான் இறக்கிடட்டுமா? ஈக்கு முன்னாடி நான்தான் ரிசர்வ் பண்ணேன்."

பக்கத்தில் இருந்த மௌரீன் அலெக்சாண்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

மௌரீனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து எரிந்த குடோன், தொலைந்த லாரி, விழாத சுவர் என்று விதவிதமான பொய்களைப் படித்துப் படித்துக் கண்ணாடி பவர் ஏறிய பெண்மணி. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டிருந்தார். பச்சைமுத்து அவருடைய உதவியாளன். வண்டி ஓட்டுவது, சுவர் ஏறுவது, பேசுவது என்று அவனுக்கு மூன்று வேலை. மூன்றாவதை யாரும் கேட்காமலேயே செய்தான்.

மஞ்சள் விமானம் கலபுரகியில் நின்றது. லவினா மூச்சை விட்டாள்.

"குட்," என்றார் மௌரீன். "அடுத்து எப்ப கிளம்பும்?"

"மூணு நாப்பதுக்கு. பேஷன்ட்டை ஏத்திக்கிட்டு பெங்களூர் வரும். ஏர் ஆம்புலன்ஸ் மேடம்."

"நமக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. காலையில போன்ல பாதி சொன்னே, பாதி அழுதே. அழுத பாதியை இப்ப சொல்லு."

லவினா சுற்றிலும் பார்த்தாள். பேக்கரியில் யாரும் இல்லை. இருந்தாலும் குரல் தானாகத் தாழ்ந்தது. ஐந்து நாளாக அவளுக்கு எல்லோர் மேலும் பயம். பின்னால் பைக் மெதுவாக வந்தால் பயம், லாக்கரைத் திறக்கப் பயம், கேன்டீனில் யாராவது சிரித்துப் பேசினாலும் பயம்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. சொந்த ஊர் கோலார் தங்கவயல். தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கியவர், பேத்தி விமான என்ஜினுக்குள் கை விடுகிறவள். நான்கு தெரு தள்ளியிருந்த ஆரண்யா ஏரோ என்ஜின்ஸில் டெக்னீஷியன். பறந்து களைத்து வரும் என்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, கழுவி, ஒவ்வொரு துண்டையும் சோதித்து, திரும்பப் பூட்டி அனுப்புவது அங்கே வேலை. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் அதற்கான தாளில் டெக்னீஷியன் தன் ரப்பர் முத்திரையைக் குத்த வேண்டும். முத்திரை ஒருவருக்கு ஒன்று. லவினாவின் எண் 47. அது போனால் வேலை போயிற்று, வேறு எந்த என்ஜின் ஷாப்பிலும் வாசலுக்குள்கூட விடமாட்டார்கள்.

"எங்க ஷாப்ல ஒவ்வொரு டூலுக்கும் பெட்டியில ஒரு பள்ளம் இருக்கும் மேடம். டூல் மேலயும் நம்ம நம்பர் போட்டிருக்கும். சாயங்காலம் எண்ணுவாங்க. ஒரு பள்ளம் காலியா இருந்தாலும் கதவை மூடிடுவாங்க. கிடைக்கிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கிடைக்கலேன்னா என்ஜினைத் திரும்பக் கழட்டணும்."

"ஏன்னா அது உள்ள இருந்தா?"

"உள்ள இருந்தா, பறக்குறப்போ எல்லா பிளேடையும் அரைச்சுடும்." லவினா பன் தட்டை ஓரமாகத் தள்ளினாள். "இருபத்துமூணு நாள் முன்னாடி, லஞ்சுக்கு அரை மணி இருக்குறப்போ, என் தட்டுல ஒரு கால் இஞ்ச் சாக்கெட் இருந்துச்சு. போல்ட் கழட்டுறது, விரல் நுனி சைஸ். பக்கத்து பெஞ்சுல தொம்முனு ஒரு சத்தம். நான் பதறி எழுந்தேன், தட்டு இடிச்சு சரிஞ்சுச்சு. ஓடிப் போய்ப் பார்த்தா, கில்பர்ட் அண்ணா கை தவறி ஸ்பேனரைப் போட்டுட்டாரு. ஒண்ணுமில்ல, போங்க போங்கன்னாரு. திரும்பி வந்தேன். சாக்கெட் இல்ல."

"சொன்னியா?"

"சொல்லல." அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. "குவாலிட்டி ஹெட் நாகேஷ் சார் போன மாசம்தான் ஒருத்தர் ஸ்டாம்பைப் பிடுங்கினாரு. அன்னிக்கு சாயங்காலம் என்ஜினை மூடியாகணும். பயந்துட்டேன் மேடம். லஞ்ச்ல வண்டியை எடுத்துக்கிட்டு பொம்மசந்திரா ஹார்ட்வேர் கடைக்கு ஓடினேன். அதே கம்பெனி, அதே சைஸ். 47ன்னு கீறி பள்ளத்துல வெச்சேன். எண்ணுறப்போ பெட்டி நிறைஞ்சிருந்துச்சு. என்ஜின் போயிடுச்சு. அந்த ஏர் ஆம்புலன்ஸ்ல மாட்டி ஒன்பது நாளா பறக்குது."

பச்சைமுத்து பன்னிலிருந்து கண்ணை எடுத்தான்.

"போட்டோ," என்றார் மௌரீன்.

லவினா பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். ஐந்து நாள் முன்பு லாக்கருக்குள் கிடந்தது. பிரித்துப் பிரித்துப் பார்த்து மடிப்பெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது. என்ஜினுக்குள் மெல்லிய கேமராக் குழாயை விட்டு எடுத்த படம். சாம்பல் நிற பிளேடுகள் வரிசையாக நிற்க, இரண்டு பிளேடுகளுக்கு நடுவே பளபளவென்று ஒரு சாக்கெட். அதன் மேல் 47. கீழே அச்சடித்த ஒரே வரி: சொல்கிறபோது சொன்னதைச் செய்.

"இன்னிக்குக் காலையில சொல்லிட்டான்," என்று இன்னொரு தாளை நீட்டினாள். ஒரு பேரிங்கைப் பரிசோதித்ததற்கான தாள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, முத்திரைக் கட்டம் மட்டும் காலி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: நாலு மணிக்குள் முத்திரை குத்தி பழைய லாக்கர் 12இல் வை. இல்லையென்றால் படம் நாகேஷுக்குப் போகும்.

"குத்தப் போறியா?"

"நான் அந்த பேரிங்கைப் பார்க்கவே இல்ல மேடம். பார்க்காததுக்கு எப்படிக் குத்துறது? குத்தலேன்னா..." முடிக்க முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பக்கமும் பயமா இருக்கு."

மௌரீன் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அது அவருக்கு யோசிக்கும் நேரம் என்பது பச்சைமுத்துவுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் பன்னில் கால்வாசியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"லவினா, பெட்டி நிறைஞ்சிருந்துச்சு. எண்ணினவங்க கையெழுத்தும் போட்டாச்சு. அது பொய்னு உலகத்துல யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்ப இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

லவினா மேசை மேலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"ஒரிஜினலைக் கையில வெச்சிருக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். சாக்கெட் என்கிட்ட இருக்கு, அவ பெட்டியும் நிறைஞ்சிருக்கு, அப்ப பெட்டியில இருக்கிறது டூப்ளிகேட். அப்படித்தானே அவன் கண்டுபிடிச்சிருக்க முடியும்?"

"இல்லேன்னா, அனுப்புறதுக்கு முன்னாடி கேமரா விட்டுப் பார்த்தவன், உள்ள இருக்கிறதைப் பார்த்து போட்டோ எடுத்திருக்கலாம்," என்றாள் லவினா. ஐந்து இரவுகள் அவள் இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்திருந்தாள். "போட்டோ இருக்கே மேடம். உள்ளதான் இருக்கு."

அது நியாயமான பேச்சுதான். மௌரீன் உதட்டைப் பிதுக்கினார். பச்சைமுத்து படத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

"ஆனா ஒண்ணு சிஸ்டர். இவ்ளோ பெரிய கம்பெனி, இவ்ளோ பெரிய என்ஜின். பிளேடுக்கு நம்பர் போட ஒரு நல்ல பேனா வாங்கக் கூடாதா? ஒண்ணாங்கிளாஸ் பையன் பென்சில்ல கிறுக்கின மாதிரி ஏழு, எட்டு, ஒன்பதுன்னு..."

"என்னது?"

"பென்சில்ல..."

லவினா படத்தைப் பிடுங்கினாள். மடிப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. சாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் நின்ற பிளேடுகளின் அடியில், மங்கலாக, மினுமினுப்பாக, 8, 9. நூறு தடவை பார்த்த படம். நூறு தடவையும் அவள் பார்த்தது சாக்கெட்டை மட்டும்தான். பயந்தவளுக்குப் பயந்த பொருள் ஒன்றுதான் கண்ணில் படும் போலிருக்கிறது.

"மேடம், இது அந்த என்ஜின் இல்ல!" நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "எங்க ஷாப்ல பென்சிலே கிடையாது. முதல் நாளே பிடுங்கிப்பாங்க. சூடாகுற பாகத்துல பென்சில் பட்டா, அந்தக் கரி சூட்டுல உலோகத்துக்குள்ள இறங்கி, அங்கேயே விரிசல் விடும். பென்சில் பட்ட பிளேடை யாரும் பூட்ட மாட்டாங்க. இது பறக்குற என்ஜின் இல்ல. செத்த என்ஜின்!"

"அப்படி ஒண்ணு எங்க இருக்கு?"

"பின்னாடி ட்ரெயினிங் ஷெட்ல. புதுசா சேர்றவங்க கழட்டிப் பழகுற என்ஜின். அதுல எண்ணிப் பழக என்ன வேணா கிறுக்குவாங்க. புதன்கிழமை கில்பர்ட் அண்ணா கிளாஸ் எடுப்பாரு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "சேச்சே, அவரு இல்ல. எங்க ஊர்க்காரரு, ராபர்ட்சன்பேட்டை. நான் வாடிப் போயிருக்கேன்னு கேட்ட ஒரே மனுஷன். சாவி டூல் ரூம்லதான் தொங்கும், யார் வேணாலும் எடுக்கலாம்."

"நீங்க சொன்ன கதையில இவரு ஒருத்தர்தான் நல்லவரு சிஸ்டர்," என்றான் பச்சைமுத்து. "எனக்கு அப்பவே வயித்தைக் கலக்குச்சு. பன்னுன்னு நினைச்சேன்."

சனிக்கிழமை அரை நாள் வேலை. மூன்று மணிக்கு ஷாப் வெறிச்சோடியிருந்தது. கேட்டில் செக்யூரிட்டி சின்னத்தாயி மட்டும் குடையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். தீயணைப்பு சிலிண்டர் தேதி பார்க்க வந்திருக்கிறோம் என்று மௌரீன் பழைய இன்ஷூரன்ஸ் அட்டையை நீட்ட, சின்னத்தாயி அட்டையைவிட அதிக நேரம் பச்சைமுத்துவைப் பார்த்தார்.

"ஷாப்புக்குள்ள போறதுன்னா பாக்கெட்ல இருக்கிறதை எல்லாம் இங்க எடுத்து வெக்கணும்பா. மோதிரம், சீப்பு, எல்லாம்."

பச்சைமுத்து தட்டில் அடுக்கினான். பல் உடைந்த சீப்பு, மூன்று பஸ் டிக்கெட், வறுத்த கடலை, யாருடையது என்று தெரியாத ஒரு சாவி.

"கடலையை எண்ணி வெச்சுக்கோங்கக்கா. திரும்பி வர்றப்போ குறைஞ்சா கதவை மூடிடுவேன்."

சின்னத்தாயி சிரிக்கவில்லை. லவினா கைபேசியை மட்டும் கையிலேயே பிடித்துக்கொண்டாள், சனிக்கிழமை என்பதால் அவர் கண்டுகொள்ளவில்லை.

ட்ரெயினிங் ஷெட் தகரக் கூரை போட்டது. டூல் ரூம் சாவியால் பூட்டைத் திறந்து, ஷட்டரை இடுப்பளவு தூக்கிக்கொண்டு மூவரும் உள்ளே நுழைந்தார்கள். உள்ளே எண்ணெய் வாசனை, மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், நடுவில் தாங்கியின் மேல் வயிற்றைக் கீறிய நிலையில் அந்தச் செத்த என்ஜின். பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி விட்டிருந்தார்கள். லவினா கைபேசி விளக்கை உள்ளே அடித்தாள். 5, 6, 7. வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். 8. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே, படத்தில் பார்த்த அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. விரலை விட்டு நெம்பி எடுத்தாள். 47.

உள்ளங்கையில் அதைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். சத்தமாக, கோணல்மாணலாக, நிறுத்தத் தெரியாமல் சிரித்தாள். இருபத்துமூன்று நாளாக யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போனார்கள். அந்த என்ஜினில் ஒன்றும் இல்லை. யாரும் சாகப் போவதில்லை.

"படம் எடுத்த இடத்துலயே விட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க," என்றான் பச்சைமுத்து. "சோம்பேறிப் பய. எனக்கு இவனைப் பிடிச்சிருக்கு."

மௌரீன் சிரிக்கவில்லை. "சிரிச்சு முடிச்சியா கண்ணு? இப்ப அந்த பேரிங் தாளைக் கொடு."

"அது இப்ப ஷாப்ல ஸ்டேண்டுல நிக்கிற என்ஜினோடதா இருக்கும் மேடம்."

"இருக்குமா, இருக்கா?"

லவினாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "நம்பர் போட்டுப் பார்க்கல. படத்தைப் பார்த்து அழவே நேரம் சரியா இருந்துச்சு."

"அதுக்காகத்தானே படத்தை அனுப்பினான்? நீ இந்தத் தாளைச் சரியாப் பார்க்கக் கூடாதுன்னு." மௌரீன் மூலைக் கம்ப்யூட்டரைக் காட்டினார். "இன்ஷூரன்ஸ்ல நாங்க முதல்ல கேக்குறது, எது எரிஞ்சுதுன்னு இல்ல. இப்ப எதுக்குக் கையெழுத்து கேக்குறான்னுதான். போட்டுப் பாரு."

கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டு எழ இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. லவினா தாளிலிருந்த பேரிங் எண்ணை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அது பூட்டப்பட்ட என்ஜினின் எண் திரையில் வந்தது.

அந்த எண்ணை அவள் படிக்கத் தேவையில்லை. ஒன்பது நாளாக இரவு ஜெபத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்த எண் அது. கலபுரகியில் நோயாளிக்காகக் காத்துக்கொண்டிருக்கும் விமானத்தின் என்ஜின்.

"மேடம்..." திரையில் விரலை வைத்தாள். "இது அந்த என்ஜின்தான்."

"முத்திரை இல்லாம எப்படி வெளிய போச்சு?"

"கம்ப்யூட்டர்ல டிக் போட்டிருக்கான். எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க. பேப்பர் ஃபைல் திங்கட்கிழமை ஆடிட்டுக்குத்தான் திறப்பாங்க. அதுல பூட்டினவன் ஸ்டாம்ப் செல்லாது, வேற ஒருத்தரோடது இருக்கணும்."

"அப்ப அந்த பேரிங்கை யாருமே பரிசோதிக்கல. பரிசோதிச்சா மாட்டிக்கும்னு தெரிஞ்ச ஒருத்தன்தான் அதைப் பூட்டியிருக்கான்." மௌரீன் சுற்றுமுற்றும் பார்த்து, மேசை மேல் கிடந்த ஒரு ஸ்பேனரை எடுத்தார். "லவினா, அன்னிக்கு உன்னை எழுப்பின சத்தம் எப்படின்னு சொன்னே?"

"தொம்முனு..."

மௌரீன் ஸ்பேனரைக் கை தவற விட்டார். ணங் என்று ஷெட் முழுக்க அதிர்ந்தது.

"இரும்பு ஸ்பேனர் இப்படித்தான் கத்தும்," என்றார். "தொம்முனு விழுறது கனமா, உருண்டையா, ரப்பர் மேட் மேல விழுற வேற ஏதோ."

விழுந்தது பேரிங் என்று லவினாவுக்குப் புரிந்தது. கீழே விழுந்த பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் ஒரு கீறல்கூடத் தெரியாது, கையில் வைத்துச் சுற்றினால் வழுவழுவென்று சுற்றும். உள்ளே இருக்கும் குண்டுகளில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத தழும்பு விழுந்திருக்கும். பறக்கப் பறக்க அது வளரும். ஒருநாள் நடுவானில் என்ஜின் இறுகி நிற்கும். எவ்வளவு சின்ன உயரத்திலிருந்து விழுந்தாலும் பேரிங் நேரே குப்பைக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம். அவள் தப்பான காரணத்துக்காகச் சரியான என்ஜினை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

மணி மூன்று முப்பத்தொன்று.

ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

வெளிச்சம் முழங்கால் உயரக் கோடாகச் சுருங்கியது. உள்பக்கமாக, ஷட்டருக்கு முன்னால் கில்பர்ட் நின்றார். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான ஆள், துவைத்து வெளுத்த நீலச் சீருடை. கையில் முழ நீள இரும்பு ரெஞ்ச்.

"லவினா, இன்னா பண்றே இங்க? லாக்கர் பன்னெண்டு காலியா இருக்குதே."

பச்சைமுத்து லவினாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"கில்பர்ட், அதைக் கீழ வையுங்க," என்றார் மௌரீன்.

"நீங்க யாரோ. நான் எங்க ஊர்ப் பொண்ணுகிட்ட பேசிக்கினு இருக்கேன்." அவர் கண் லவினாவின் உள்ளங்கையில் இருந்த சாக்கெட்டுக்குப் போனது. "கிடைச்சுடுச்சா? எடுத்துக்கோ. சத்தியமா நான் திருடல. என் பெஞ்சுக்கு அடியில உருண்டு வந்துச்சு. டீ டைம்ல பார்த்தேன். நீ கேட்டு வருவே, கையில குடுக்கலாம்னுதான் இருந்தேன். நீ கேக்கவே இல்ல. சாயங்காலம் எண்ணினாங்க, உன் பெட்டி ஃபுல்லு. அப்பதான் தெரிஞ்சுது, நீயும் என்னை மாதிரிதான்னு."

லவினாவுக்கு அடித்தாற்போல் இருந்தது. அவர் சொன்னதில் பொய்யில்லை.

"பேரிங் விழுந்துச்சாண்ணா?"

"அரை அடிதான் லவினா. அதுவும் ரப்பர் மேட் மேல. ஏற்கெனவே என் பேர்ல ரெண்டு தப்பு. மூணாவதுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. புதுசு வர நாப்பது நாளு ஆவும், யாரு போட்டது, எப்படி விழுந்துச்சுன்னு கேப்பாங்க. சுத்திப் பார்த்தேன், நல்லாத்தான் சுத்துச்சு." ரெஞ்சைப் பிடித்த கை வேர்த்து வழுக்கியது, அவர் பிடியை மாற்றிக்கொண்டார். "ஒன்பது நாளு பறந்துடுச்சே. ஒண்ணும் ஆவல இல்ல? ஆடிட் முடியட்டும், எதுனா சாக்கு சொல்லிக் கழட்ட வெச்சுடுறேன். நீ அந்த சாக்கெட்டைப் பெட்டியில வெச்சுடு. தாள்ல ஒரு குத்து குத்திடு. உனக்கும் ஒண்ணுமில்ல, எனக்கும் ஒண்ணுமில்ல."

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. அதுதான் லவினாவை இன்னும் பயமுறுத்தியது. சாக்கெட் கையில் இருக்கிறது. டூப்ளிகேட்டை எடுத்து எறிந்துவிட்டு இதைப் பள்ளத்தில் வைத்தால், அவள் செய்தது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். நாகேஷ் சாருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் 47 போய்விடும். ஒன்பது வருட உழைப்பு, அம்மாவின் பெருமை, எல்லாம் திங்கட்கிழமை காலையில் முடிந்துவிடும்.

கையிலிருந்த திரையில் மஞ்சள் விமானம் மெல்ல அசைந்தது.

"அண்ணா, பேஷன்ட்டை ஏத்திட்டாங்க," என்றாள். அழைப்புப் பொத்தானை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வேணாம் லவினா!" கில்பர்ட் ஓரடி முன்னால் வந்தார். பச்சைமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டான், ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கில்பர்ட்டும் அதற்கு மேல் வரவில்லை.

"ஹலோ, யாரு?" நாகேஷின் குரல்.

"சார், லவினா. ஸ்டாம்ப் 47."

"ஏனம்மா, சனிவாரமும் விடமாட்டீங்களா? என்ன விஷயம்?"

அவள் சொன்னாள். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. என்ஜின் எண், பேரிங் எண், கில்பர்ட் அதைக் கீழே போட்டது, யாரும் பரிசோதிக்காதது, இப்போது கலபுரகியில் கிளம்பிக்கொண்டிருப்பது.

"நீ சொல்றது என்னன்னு தெரியுதாம்மா? தப்பா இருந்தா ஒரு பேஷன்ட்டை நடுவுல நிறுத்தினதா ஆகும்."

"தெரியுது சார். என் டூல் பெட்டியும் இருபத்துமூணு நாளா பொய்தான் சார். டூப்ளிகேட் வெச்சிருக்கேன். அதையும் எழுதிக்கோங்க. முதல்ல அதை நிறுத்துங்க சார், ப்ளீஸ்."

"லைன்ல இரு."

டேக் ஆஃப் வேண்டாம், நிறுத்துங்கள் என்று தூரத்தில் அவர் இன்னொரு போனில் கன்னடத்தில் கத்துவது கேட்டது. "நில்ஸி! டேக் ஆஃப் மாட்பேடி... யாக்கே அந்த்ரே, நானு ஹேள்தா இதீனி, நில்ஸி!"

ஷெட்டுக்குள் கண்ணைத் திறந்திருந்த மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்தார்கள். மஞ்சள் விமானம் ஓடுதளத்தின் நுனிக்கு வந்தது. திரும்பியது. லவினா மூச்சுவிட மறந்தாள். மௌரீன் அவள் தோளைப் பிடித்திருந்தார். திரையில் வேகம் காட்டும் எண் ஏறியது. பன்னிரண்டு. இருபது. முப்பத்தொன்று.

"ஐயோ," என்றார் கில்பர்ட்.

முப்பத்தொன்றிலேயே நின்றது. பிறகு பதினெட்டு. பிறகு ஐந்து. பிறகு பூஜ்யம்.

"நின்னுடுச்சு," என்றார் நாகேஷ். அவருக்கும் மூச்சு வாங்கியது. "ரன்வே மேலயே நிக்குது. பேஷன்ட்டுக்கு வேற பிளேன் கேட்டாச்சு, ஒரு மணி நேரத்துல வந்துடும். நீ திங்கட்கிழமை காலையில ஸ்டாம்பை எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வா. கில்பர்ட்டையும் வரச்சொல்லு." போன் அணைந்தது.

கில்பர்ட்டின் முதுகு ஷட்டரில் சரிந்தது. சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். ரெஞ்சை எப்போது கீழே வைத்தார் என்று யாரும் பார்க்கவில்லை. "நின்னுடுச்சா?" என்றார். "லவினா, நிஜமா நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுண்ணா."

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தோள் குலுங்கக் குலுங்க, வெட்கமே இல்லாமல் அழுதார். லவினாவுக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. பச்சைமுத்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, அவரைத் தாண்டிப் போய் ஷட்டரை மெதுவாக மேலே தூக்கினான். வெயில் உள்ளே விழுந்தது.

மௌரீன் குனிந்து கில்பர்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். கில்பர்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் அதைப் பூட்டுறதுக்கு முன்னாடியே நீங்க வந்திருக்கலாமே மேடம்," என்றார்.